முன் ஷாஃப்ட்

பதினான்கு வருடம் அந்த ஜீப்பைத் தள்ளினேன். ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததைப் பேராசை என்று யாராவது சொன்னால், திரும்ப வந்து இந்த இரண்டு வரியைப் படித்துக்கொள்ளட்டும்.

பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவே இருந்த கல்குவாரி அது. நான் சவுரிமுத்து, அங்கே சம்மட்டி அடிக்கிறவன். என் மனைவி கிளியம்மாள் மேலே கொட்டகையில் ஜல்லி உடைப்பாள். லாரி ஓட்டுகிற தசரதன் எனக்கு உறவில்லை. ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முதலாளி ராஜகோபால், அந்த ஊர்க்காரர். அவர் அப்பா ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தார். மகன் பாறையில் கல் விளைத்தார்.

குழி எண்பதடி ஆழம். அடியில் ஊற்று உண்டு. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கால் வைக்க இடம் இருக்கும். கீழேயிருந்து மேலே வர வண்டிக்கு ஒரே ஒரு ஏற்றம். ஏற்றத்தின் பெரும்பகுதி உதிர்ந்த ஜல்லி. உச்சிக்கு நாற்பதடி முன்னால் ஒரு வளைவு. வளைவிலிருந்து மேல் விளிம்பு வரை வெறும் பாறை. கீழே ஜல்லி, மேலே பாறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜீப் பட்டாளத்தில் ஓடி, கழித்துப் போட்டது. முதலாளி ஏலத்தில் எடுத்து வந்தார். பச்சைக்கு மேல் பச்சையாக நாலு தடவை அடித்த பெயிண்ட். பேட்டரி எப்போதும் செத்தே கிடக்கும். இன்ஜினைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதற்கு ஓட்டை உண்டு, ஹேண்டில்தான் கிடையாது. தசரதன் ஒருமுறை கேட்டே விட்டான்.

"மொதலாளி, ஒரு ஹேண்டில் வாங்கிட்டா காலைல இந்த பேஜார் இல்ல பாரு."

"ஹேண்டில் இன்னாத்துக்குடா? இத்தினி பேரு தின்னுட்டு கீறீங்களே, தள்ளுங்க!"

தள்ளினோம். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு ஒரு தள்ளு. குழியில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் மேலே ஏறும்போது இன்னொரு தள்ளு. பின் சக்கரம் ஜல்லியை வாரி எங்கள் முகத்தில் இறைக்கும். அது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பேர். ஆனால் முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற ஷாஃப்டை யாரோ மெக்கானிக் ஆரம்பத்திலேயே கழற்றிவிட்டான். "முன்னால இயுத்தா பெட்ரோலு குடிக்கும்" என்று சொன்னானாம். கழற்றிய ஷாஃப்ட் பம்ப் ஷெட்டில் கூரைக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பின் பலகையில் எங்கள் கை படுகிற இடத்தில் நாலு பச்சையும் போய்த் தகரம் தெரியும். என் இடம் இடது ஓரம். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் கை அங்கேதான் போகும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஐப்பசியில் குவாரியின் குத்தகை முடிகிற கடைசி வாரம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பம்பைத் தூக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பம்ப் நின்றால் ஒரே வாரத்தில் குழி குளம். ஜீப்போ ஒரு வருடமாக இன்ஜின் நின்று அடியிலேயே, பம்ப் ஷெட்டை ஒட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை பழைய இரும்பு எடுக்கிற சிட்டிபாபுவைக் கூட்டிக்கொண்டு ராஜகோபால் இறங்கி வந்தார். சிட்டிபாபு ஜீப்பைச் சுற்றி வந்து டயரை ஓர் உதை விட்டான்.

"இத்த மேல ஏத்தறது ஆவாது மொதலாளி. கேஸ் கட்டர் கொண்டாந்து இங்கியே துண்டு போட்டு, கூடைல தூக்கினு பூடறேன்."

"இன்னாவோ பண்ணிக்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் தோள் தேய்ந்த வண்டி. அதைத் தள்ளாத ஒருத்தன் வந்து கூடையில் அள்ளுவதா?

"வெட்டாதீங்க சார்" என்றேன்.

ராஜகோபால் திரும்பிப் பார்த்தார். "ஏன், தொரைக்கு இன்னா ஆச்சி?"

"வண்டி ஓடும் சார்."

"எது, இதுவா?" சிட்டிபாபுவைப் பார்த்துச் சிரித்தார். "சரிடா சவுரி. நீயே ஓட்டு. ஓட்டிக்கினு மேல வந்துட்டியா, வண்டி உன்னுது. யாரும் தள்ளக் கூடாது. கயிறு போட்டு இயுக்கக் கூடாது. சனிக்கெயம பம்பு தூக்கற வரிக்கும் டைமு. அப்பால சிட்டிபாபு வெட்டிக்குவான்."

"எழுதிக் குடுங்க சார்."

சம்மட்டிச் சத்தம் நின்றது. தசரதன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

"எழுதினா மட்டும் கிழிச்சிடுவியா? உனக்கு இன்னா படிக்கத் தெரியும்?" என்றார் முதலாளி.

"குடுங்க சார். தெரியுதா இல்லியான்னு பாப்போம்."

அவர் வீம்புக்காகவே லோடு சீட்டுக்குப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிவொளி வகுப்பில் நானும் கிளியம்மாளும் எழுத்துக் கூட்டக் கற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் சீட்டை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாக, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு விட்டுப் படித்தேன். படித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "தேதி போடல சார்."

தேதி போட்டுக் கொடுத்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். வண்டி மெக்கானிக் வேலை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பதினான்கு வருடம் ஒரு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்கு அதன் ஒவ்வொரு இருமலும் தெரியும். முதல் வேலை ஹேண்டில். பாறையில் வெடிக்குத் துளை போடுகிற ஜம்பர் கம்பி உடைந்தது ஒன்று கிடந்தது. எங்கள் உளி தோய்க்கிற உலையிலேயே அதைப் பழுக்கக் காய்ச்சி, இரண்டு வளைவு கொடுத்து, முனையில் குறுக்கே ஓர் ஆணி இறக்கினேன். ஓட்டையில் விட்டேன். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பதினான்கு வருடத் தள்ளுக்கு மருந்து அரை மணி நேர வேலை.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க ஹேண்டில் அசையவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் ஒரு விரற்கடை அசைந்தது. நானும் தசரதனும் ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம். தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அரைச் சுற்று வந்தது.

"வருது மச்சான்!" என்று கத்தினான் தசரதன். "கெயவி வாயத் தொறக்கறா!"

பொறி தருகிற பாயிண்டைத் தீப்பெட்டிப் பட்டையால் தேய்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே செம்மண் சேறு. பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்ப் வைத்து அடித்து, அடைத்த துளையைச் செப்புக் கம்பி இழையால் குத்தி எடுத்தேன். கிழிந்துபோன பேக்கிங்குக்கு பதில் மாதா படம் போட்ட காலண்டரின் அட்டையை வெட்டினேன். படத்தை வெட்டவில்லை, பின் அட்டையைத்தான். கிளியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

"படத்துல கத்தி பட்டுச்சி, அப்புறம் வண்டிலியே பட்துக்க. வூட்டுப் பக்கம் வராத" என்றாள்.

பெட்ரோல் டேங்கு ஓட்டை. அதனால் ஒரு ஐந்து லிட்டர் கேனை முன் கண்ணாடிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து டியூப் இறக்கினேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரியே இருந்தது. பேட்டரியைத் தசரதன் தன் லாரியிலிருந்து கழற்றித் தந்தான். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஹேண்டிலைச் சுற்றினேன். ஏழாவது சுற்றில் ஒரு வெடி. எட்டாவதில் கரும்புகை. ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது. எண்பதடிக் குழி முழுக்க அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது. மேலே கொட்டகையிலிருந்த பெண்கள் எல்லாரும் விளிம்புக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

யார்டில் லாரியை முன்னும் பின்னும் எடுத்துப் போட்டு ஓட்டப் பழகியிருந்தேன். ஏறி உட்கார்ந்தேன். ஸ்பிரிங் குத்துகிற சீட்டு. அதற்குள்ளிருந்து பார்த்தால் குழி வேறு மாதிரி இருந்தது. அடித்தளத்தில் மூன்று சுற்று ஓட்டினேன். தேங்கிய தண்ணீரில் வேண்டுமென்றே விட்டேன். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரித் தண்ணீர் எழுந்தது. நாற்பத்தொரு வயதில் நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து, புத்தி கலங்கிவிட்டதென்று தசரதன் பயந்துபோனானாம்.

பிறகு ஏற்றத்தில் விட்டேன். இருபதடி போயிருப்பேன். பின் சக்கரம் ஜல்லியைத் தோண்ட ஆரம்பித்தது. வண்டி அந்த இடத்திலேயே புதைந்து, வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்கியது. ஜல்லியில் பிரேக்கும் பிடிக்கவில்லை. பம்ப் ஷெட் சுவரில் முட்டி நின்றேன்.

மேலேயிருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது. "இன்னா சவுரி, ஜல்லி லோடு அடிக்கிறியா? சனிக்கெயமக்கு கேஸ் சிலிண்டர் சொல்லிட்டேன்பா!"

முட்டிய சுவரைப் பார்த்தேன். உள்ளே கூரையைத் தாங்கிக்கொண்டு முன் ஷாஃப்ட் நின்றது.

சவுக்குக் கட்டை ஒன்றை முட்டுக்கு வைத்துவிட்டு ஷாஃப்டை உருவினேன். துருவைச் சுரண்டி, மூட்டுகளில் கிரீஸ் அடைத்து, வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்து எட்டு போல்ட்டையும் முடுக்கினேன். வெள்ளிக்கிழமை காலை, சம்மட்டி தொடுவதற்கு முன்பே, முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற லீவரை இழுத்து ஏற்றத்தில் விட்டேன். நம்பவே முடியவில்லை. எங்கள் பன்னிரண்டு பேர் தோளைக் கேட்ட அதே ஜல்லியில் ஜீப் ஆடு மாதிரி ஏறியது. முன் சக்கரம் பிடித்து இழுக்க, பின் சக்கரம் உந்த, வளைவு வரை ஒரே மூச்சு.

வளைவு தாண்டிப் பாறையில் நாலு சக்கரமும் ஏறியதுதான் தாமதம். வண்டி முறுக்கிக்கொண்டது. டயர் கிறீச்சென்று கத்தியது. முன் சக்கரம் ஒன்று தவளை மாதிரி எம்பியது. அடியில் எங்கோ இரும்பு நெறிகிற சத்தம். இன்ஜின் திணறி நின்றுவிட்டது. தசரதன் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். மறுபடி ஸ்டார்ட் செய்தேன்; அதே கதை. பின்னால் இறக்கி, மறுபடி ஏற்றினேன். ஜல்லியில் பூ மாதிரி வருகிற வண்டி, பாறையைத் தொட்டால் சண்டித்தனம் பண்ணியது.

"முன்னால ஒண்ணு கேக்குது, பின்னால ஒண்ணு கேக்குது மச்சான்" என்றான் தசரதன். "ரெண்டு பேரு ஒரே சம்மட்டிய புட்ச்சிகினு ஓங்குற மாரி கீது."

அவன் சும்மா சொன்னதுதான். ஆனால் அது எனக்குள் தைத்தது. வண்டியைக் கீழே கொண்டுவந்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, பின் ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஷாஃப்டும் சுற்றும். சக்கரத்தை நான் எண்ணினேன். ஷாஃப்ட் ஒரு சுற்று வரும்போதெல்லாம் கிளியம்மாள், ஜல்லி சுமக்கிற பாண்டுச் சட்டியில் ஒரு கல் போட்டாள். சக்கரம் பத்துச் சுற்று வந்து நின்றபோது அவள் சட்டியில் இருபத்து நாலு கல். மேலே ஓர் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு முன்பக்கம் அதே மாதிரி. பத்துச் சுற்று. அவள் எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"இருவத்தேழு."

"தப்பா எண்ணியிருப்ப கிளி."

"நானா? ஜல்லி எண்ணி எண்ணி வெரலு தேஞ்சவ நானு. நீ மறுக்கா சுத்துய்யா."

மறுபடி சுற்றினேன். இருபத்தேழேதான், ஒரு நூல் குறைவாக இருந்திருக்கலாம்.

நாங்கள் மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னாலும் பின்னாலும் பல் கணக்கு வேறு. பின் சக்கரங்களின் அச்சுப் பெட்டிக்குள் யாரோ ஒருத்தன் வேறு வண்டியின் பல்சக்கரத்தைப் போட்டிருக்கிறான். இன்ஜின் சுற்றுகிற ஒரே சுற்றில், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட அதிகமாக உருளப் பார்க்கிறது. முன் சக்கரம் அதைப் பிடித்துத் தடுக்கிறது. முன் ஷாஃப்டைக் கழற்றினால் சண்டை தெரியாது. அதைத்தான் அந்த மெக்கானிக் செய்திருக்கிறான்; பல்சக்கரத்தை மாற்றிப் போட்டவனும் அவனாகத்தான் இருக்கும். பெட்ரோல் குடிக்கும் என்றதெல்லாம் தன் தப்பை மூடச் சொன்ன பொய். அந்தப் பொய்க்குத்தான் நாங்கள் பதினான்கு வருடம் தோள் கொடுத்தோம். முதலாளியும் ஒரு நாளாவது கீழே குனிந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கப் போகிறார்? ஆள்தான் இருந்தோமே.

"சரியான பல்லு புதுப்பேட்டைல தேடினா கெடைக்கும்" என்றான் தசரதன். "ஆனா அத்த கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆவும். நாளைக்கு பம்பு போவுது. வுட்டுடு மச்சான். முடிஞ்சிது."

"வளைவு வரிக்கும் இப்டி வந்துட்டு, அங்க நிறுத்தி முன் சக்கர லீவர வுட்டுட்டா?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

அந்த வழி எனக்கும் தோன்றியது. ஆனால் மேல் விளிம்பின் செங்குத்து எனக்குத் தெரியும். அங்கே பின் சக்கரம் மட்டும் போதாது என்பதைப் பதினான்கு வருடம் தள்ளிய தோள் சொன்னது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கிளியம்மாள் சட்டியை எடுத்துக்கொண்டு மேலே புறப்பட்டாள். அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜல்லியில் ஒவ்வோர் அடிக்கும் அவள் கால் கொஞ்சம் வழுக்கியது. வழுக்கி, நின்று, அடுத்த அடி. பாறை வந்ததும் கால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜல்லியில் சண்டை ஏன் வரவில்லை? அதிகமாக உருளப் பார்க்கிற சக்கரம் அங்கே கொஞ்சம் வழுக்கிக்கொள்கிறது. கணக்கு அங்கேயே தீர்ந்துபோகிறது. பாறையில் வழுக்க இடமில்லை. எனவே முறுக்கிக்கொள்கிறது. வண்டிக்கு ஏற வலு இருக்கிறது. வழுக்கத்தான் இடம் வேண்டும்.

"கிளி!" என்று கத்தினேன். "பாறை மேல ஜல்லி போடணும்!"

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தாள். "எங்க?"

"பாறை மேல! வளைவுல இருந்து மேல் விளிம்பு வரிக்கும்! ஒரு சாண் ஒசரம்!"

"உனக்கு நெஜமாவே மறை கயண்டுச்சிய்யா" என்றாள். ஆனால் அவளுக்கு என்னைத் தெரியும். மேலே போய்ப் பெண்களிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை வானம் கறுத்திருந்தது. பதினொரு பெண்கள் பாண்டுச் சட்டியோடு வரிசையாக நின்றார்கள். கங்கையம்மாள் என்று ஒரு அக்கா. அறுபது வயது இருக்கும். இந்தக் குவாரி ஆரம்பித்த நாளிலிருந்து ஜல்லி உடைக்கிறவள். அவள்தான் முதல் சட்டியைக் கொட்டினாள். "பதினாலு வருசமா ஆம்பளைங்க தள்ளுனீங்க. இன்னா கிழிச்சீங்க? நவுருங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டினாள். முக்கால் இன்ச் ஜல்லி, நாற்பதடி நீளம், இரண்டு சக்கரத் தடத்துக்கும் ஒரு சாண் உயரம்.

பத்து மணிக்கு ராஜகோபால் வந்தார். பின்னால் சிட்டிபாபு, அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் கேஸ் சிலிண்டர். பாறையில் ஜல்லி பரப்பியிருப்பதைப் பார்த்து முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏண்டா, ஏறுறதுக்குப் புடிப்பு வேணும்னு கேள்விப்பட்டிருக்கேன். நல்லா கீற பாறைல போயி வயுக்கறதுக்கு ஜல்லி கொட்டறவன இப்பத்தான் பாக்கறேன்."

"இந்த ஆள நம்பி நானு சிலிண்டர் வாடகை குடுத்துகினு கீறேன் பாரு" என்றான் சிட்டிபாபு.

கீழே இறங்கினேன். ஹேண்டிலை இரண்டு சுற்று சுற்றினேன், பிடித்துக்கொண்டது. சின்ன கியரைப் போட்டேன். முன் சக்கர லீவரை இழுத்தேன். தசரதன் கதவில்லாத பக்கம் வந்து நின்றான்.

"நான் ஓட்டட்டா மச்சான்? எனக்கு லைசென்ஸ் கீது."

"சீட்டுல எம் பேரு கீது."

கிளம்பினேன். கீழ் ஜல்லி எப்போதும் போல் வழிவிட்டது. வளைவு வந்தது. நாலு சக்கரமும் பெண்கள் போட்ட ஜல்லியில் ஏறின. பின் சக்கரத்தின் அடியில் கற்கள் சரசரவென்று நகர்ந்து வழிவிட்டன. வண்டி லேசாக ஆடியது. முறுக்கவில்லை. ஒரு சக்கரம் கல்லைத் தள்ளிவிட, இன்னொன்று கல்லைக் கடிக்க, மெதுவாக, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஏறினேன். முப்பதாவது அடியில் ஜல்லி கலைந்து பாறை தெரிந்த ஓர் இடத்தில் டயர் கத்தியது. இன்ஜின் சத்தம் இறங்கியது. யாரோ ஒருத்தர் பழக்கதோஷத்தில் பின்பக்கம் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது.

"தொடாத!" என்று கத்தினேன். "எவனும் கை வெக்காத!"

காலை எடுக்காமல் அழுத்தினேன். சக்கரம் ஜல்லியைப் பிடித்தது. கண்ணாடிச் சட்டத்தில் கேன் டங்கென்று மோதியது. மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்து, சட்டென்று கீழே இறங்கியது. எதிரே சமதரை. தூரத்தில் திருநீர்மலைக் கோபுரம்.

இன்ஜினை நிறுத்தவில்லை. இறங்கி நின்றேன். பெண்கள் போட்ட கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ராஜகோபால் கையைத் தூக்கினார்.

"இரு, இரு. இது செல்லாது. ஆளு வெச்சி ஜல்லி கொட்டியிருக்க. அதுவும் தள்ளுன மாரிதான்."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். வியர்வையில் ஊறியிருந்தது. "தள்ளக் கூடாது. கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இங்க ஜல்லின்னு ஒரு வார்த்த கீதா, காட்டுங்க சார்."

"நீ வக்கீலாடா?"

"இல்ல சார், சம்மட்டி ஆளு. நீங்க ஒண்ணு யோசிச்சிப் பாருங்க. ஜிஎஸ்டி ரோட்டுல வண்டி ஓடுதே, அடியில கீறது எங்க ஜல்லி. தாம்பரத்துல ரயிலு ஓடுதே, அதுக்கு அடியிலயும் எங்க ஜல்லி. உங்க காரு வூட்டுல இருந்து இங்க வந்ததே எங்க ஜல்லி மேலதான். அப்ப அத்தினியும் நாங்க தள்ளினதுன்னு ஒத்துக்குங்க. நானும் இத்த ஒத்துக்கறேன்."

கங்கையம்மாள் அக்கா பாண்டுச் சட்டியைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

ராஜகோபால் ஜீப்பைச் சுற்றி வந்தார். முதல் தடவையாகக் குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்க. சரி, நீ வெச்சிகினு இன்னா பண்ணப் போற? எங்கிட்டியே வுட்டுடு. உன்னிய டிரைவரா போட்டுக்கறேன்."

"வாணாம் சார். புக்கு குடுங்க."

"யோசிச்சி சொல்றா."

"பதினாலு வருசம் யோசிச்சாச்சி சார். புக்கு."

காருக்குள்ளிருந்து ஆர்.சி. புக்கை எடுத்துவந்து, என் கையில் தராமல், ஜீப்பின் பானட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சிட்டிபாபு சிலிண்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். மனுஷன் மோசமில்லை, போகிறபோது, "பின் டயரு ரெண்டும் மொட்ட சவுரி. எங்கிட்ட நல்லதா ரெண்டு கீது, வந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளியம்மாள் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பத்துப் பெண்கள், சட்டியோடு. தசரதன் ஓரத்தில் தொங்கினான். தார் ரோடு தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, முன் சக்கர லீவரை விடுவித்தேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தினே?" என்று கேட்டாள்.

"ரோட்டுல இது சண்ட போடும்."

"எனக்குத் தெரியும். இருவத்தேழு எண்ணினது யாரு?"

மழை பிடித்துக்கொண்டது. மேலே கூரை இல்லை. பெண்கள் பாண்டுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். சட்டி மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. அப்படியே அனகாபுத்தூர் வரை போனோம்.

சரியான பல்சக்கரம் கிடைக்க ஏழு மாதம் ஆனது. வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே உட்கார்ந்து பல்லை எண்ணினேன். கடைக்காரன் முறைத்தான், முறைக்கட்டும். இப்போது சக்கரத்தின் பத்துச் சுற்றுக்கு முன்னாலும் இருபத்தேழு, பின்னாலும் இருபத்தேழு. பாறை, மணல், எதுவானாலும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆற்று மணலில் இறக்கிவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்போம். கூலிக்காரனுக்கு எதற்கு ஜீப் என்று தெருவில் கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஏறிக்குங்க, காட்டறேன் என்பேன். யாரும் ஏறாமல் போனதில்லை.

பேட்டரி மட்டும் இன்னும் சரியில்லை. போன மாதம் குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது இன்ஜின் நின்றுவிட்டது. கேட் திறந்தது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. நல்ல மனிதர்கள் நாலு பேர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். அதில் ஒருத்தர், பேண்ட் சட்டையெல்லாம் நல்ல வெளுப்பு, பின் பலகையில் இடது ஓரமாகக் கையை வைத்தார்.

"நீங்க ஏறுங்க, நாங்க தள்றோம்" என்றார்.

"கைய எடுங்க சார்" என்றேன். "ஹேண்டில் கீது."